133 டொலரும் ஒரு பை அப்பிளும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு. ரொறன்ரோவுக்குக் கிட்ட உள்ள ஒரு அப்பிள் தோட்டத்துக்குள் போக ஆளுக்கு 17 டொலர், நாலு பேருக்கு 68. சின்னவனுக்கு மூன்று வயது என்பதால் அவன் இலவசம். அப்பிள் பிடுங்கிப் போட அவர்கள் தரும் பை 40. ஆறு டோனட் 11. பூசணிக்காய் பெரிதும் சின்னதுமாக இரண்டு, 14. ஆக மொத்தம் 133 டொலர், பெற்றோலைச் சேர்க்காமல். அந்தப் பைக்கு அரை புஷல் பை என்று பெயர், நன்றாக அடைந்தால் 20 இறாத்தல், அதாவது 9 கிலோ பிடிக்கும். அதே 20 இறாத்தல் மக்கின்ரோஷ் அப்பிளை நாங்கள் இருக்கும் ஸ்காபரோவில் கடையில் வாங்கியிருந்தால் 35 டொலருக்குள் முடிந்திருக்கும். இந்தக் கணக்குப் பார்த்தது நான் இல்லை, அம்மா. திரும்பி வரும்போது பின் சீற்றில் இருந்து சொன்னார்: “பிள்ளை, ஊரில மாங்காய் பிடுங்கித் தாறவனுக்கு நாங்கள் கூலி குடுப்பம். இஞ்ச பிடுங்கிற எங்களிட்ட எல்லோ காசு வாங்குறாங்கள்.”

ரொறன்ரோவைச் சுற்றி இப்படி ‘நீங்களே பிடுங்குங்கள்’ தோட்டங்கள் நிறைய இருக்கின்றன. செப்டெம்பர் தொடங்கினால் ஒக்ரோபர் முடியும் வரை பிள்ளை குட்டி உள்ள வீடெல்லாம் ஒரு முறையாவது போய், சிவப்பு இலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வரும். நாங்கள் போனது 401 நெடுஞ்சாலையில் கிழக்கே, டர்ஹம் பக்கம் உள்ள ஒன்று. பெயர் வேண்டாம். வேறு தோட்டங்களுக்குப் போய் வந்த சிநேகிதிகளும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள், ஆகவே ஒரு ஆளை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை. தவிர, அதே தோட்டத்துக்கு நாங்கள் பதினைந்து நாளில் இரண்டாம் முறையும் போனோம், அந்த முறை எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் முறை போன நாளே பிழை. விஜயதசமியும் தாங்ஸ்கிவிங் வார இறுதியின் சனிக்கிழமையும் ஒன்றாக வந்திருந்தன. கனடாவில் அறுவடைக்கு நன்றி சொல்லும் தாங்ஸ்கிவிங் ஒக்ரோபர் இரண்டாவது திங்கட்கிழமை, 1957-இலிருந்து அப்படித்தான், அமெரிக்காக்காரர் போல நவம்பர் கடைசி மட்டும் இழுப்பதில்லை, அதற்குள் இங்கே வயல் வெறுமையாகிவிடும். காலையில் கோயிலில் சின்னவனுக்கு ஏடு தொடக்கினோம். தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுத விரலைப் பிடித்தால் ஐயருடைய மடியில் இருந்து ஒரே அழுகை. அது முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, உடுப்பு மாற்றி வெளிக்கிடப் பதினொன்றரை ஆகிவிட்டது. நீண்ட வார இறுதியில் மத்தியானம் அப்பிள் தோட்டத்துக்குப் போவது, நல்லூர்த் தேர் இருப்புக்கு வந்த பிறகு வடம் பிடிக்கப் போவது மாதிரி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதிலிருந்து வாசல் வரை வாகன வரிசை, 35 நிமிடம் நகர்ந்து நகர்ந்து போனோம். ஒன்லைனில் எடுத்த ரிக்கெற்றில் நேரம் குறித்திருந்தது, அது தாண்டிவிட்டது, ஆனால் வாசலில் நின்ற பொடியன் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டான். அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்து.

உள்ளே போனால் அப்பிள் மரம் கண்ணிலேயே படவில்லை. முதலில் வருவது காற்று நிரப்பிய துள்ளுமேடை, ஆட்டுக்குத் தீன் போடும் இடம், சோளக்காட்டில் வழி வெட்டிய சுற்றுப்பாதை, தலையை நுழைத்துப் படம் எடுக்க ஓட்டை போட்ட பலகைகள். அந்த 17 டொலர் இதற்கெல்லாம்தான். பத்து வயதுக்காரி சோளக்காட்டுக்குள் போய்ப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்து “அவ்வளவுதானா அம்மா?” என்றாள். சின்னவன் ஆட்டைக் கண்டு இரண்டாம் தரமும் அழுதான். மரங்கள் இருக்கும் இடத்துக்கு டிராக்டர் இழுக்கிற வண்டியில் வைக்கோல் கட்டின் மேல் இருந்து போகலாம், அதற்கு 40 நிமிட வரிசை. மினக்கெட்டு நின்றோம். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நடந்தால் எட்டு நிமிடத் தூரம். அம்மா கோயிலுக்கு உடுத்த சேலையோடு, மேலே குளிர் ஜக்கெற், கீழே சப்பாத்து என்று வந்திருந்தார். அந்த வைக்கோலை அவருடைய சேலைக் கரையிலிருந்து ஞாயிறு முழுக்கப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் அதற்குப் பிறகு. பெரியவளுக்கு ஹனிகிறிஸ்ப் என்றால் உயிர். கடையில் மற்ற அப்பிளைவிட நல்ல விலை வைத்து விற்கிற சாதி அது. மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்டது, அதன் கலங்கள் பெரிதாக இருப்பதால் கடிக்கும்போது ஒவ்வொன்றாக வெடித்துச் சாறு தெறிக்கும், ‘கறுக்’ என்று சத்தம் வருவதும் அதனால்தான். அன்று காலையிலும் இணையத்தில் ‘ஹனிகிறிஸ்ப் உண்டு’ என்று போட்டிருந்தார்கள். போனால் அந்த வரிசைக்குக் குறுக்கே கயிறு. வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டதாம். சரி, முடியட்டும், மரத்தில் காய்ப்பது முடியத்தானே வேண்டும். ஆனால் பட்டியலில் இருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட எவ்வளவு நேரம் பிடிக்கும்? போகிறவர்கள் அன்று காலை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், பட்டியலை நம்பாதீர்கள்.

மிஞ்சியிருந்தவை மக்கின்ரோஷ், எம்பயர், கோர்ட்லண்ட். பிறகு யோசித்தால் அதுவும் நல்லதுக்குத்தான், ஏனென்றால் இவை மூன்றும் ஒரே வீட்டுப் பழங்கள், மற்ற இரண்டுக்கும் மக்கின்ரோஷ்தான் ஒரு பக்கப் பெற்றோர். மக்கின்ரோஷ் ஒன்ராறியோவின் சொந்தப் பிள்ளை. 1811-இல் டண்டெலா என்ற ஊரில் ஜோன் மக்கின்ரோஷ் என்ற விவசாயி காடு வெட்டித் துப்புரவாக்கும்போது கண்டெடுத்த கன்று அது. அப்பிளை விதை போட்டு முளைக்க வைத்தால் தாய்ப்பழம் போலவே காய்க்காது, ஒட்டுத்தான் கட்ட வேண்டும். ஆகவே இன்று உலகத்தில் உள்ள மக்கின்ரோஷ் மரம் எல்லாம் அந்த ஒற்றை மரத்தின் கிளைக்குக் கிளை. அப்பிள் கம்பனியின் மக்கின்ரோஷ் கணினிக்கு அந்தப் பெயர் வந்ததும் இந்தப் பழத்தால்தான் என்று சொன்னவுடன் பெரியவளுக்கு ஹனிகிறிஸ்ப் துக்கம் பாதி தீர்ந்தது.

மரங்கள் எல்லாம் குட்டை. ஏணி தேவையில்லை, சின்னவனே எட்டிப் பிடித்தான். வளர்த்தியைக் கட்டுப்படுத்தும் வேர்க்கன்றில் ஒட்டுவதால் அப்படி. பிடுங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது, அங்கே வேலை செய்த ஒரு வயதான பெண் பொறுமையாகக் காட்டித் தந்தார். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, மெல்லத் திருப்ப வேண்டும். பழுத்தது என்றால் காம்போடு கையில் வந்துவிடும். கீழே இழுத்தால் அடுத்த வருடம் பூக்க வேண்டிய மொட்டும் சேர்ந்து முறிந்துவிடும். கீழே புல்லில் நல்ல பழங்களாகக் கொட்டிக் கிடந்ததைப் பார்த்து அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை, சேலை மடியில் பொறுக்கத் தொடங்கிவிட்டார். “ஐயோ அம்மா, அது கூடாது” என்று தடுக்க வேண்டியிருந்தது. மான், பறவை எச்சம் படும் இடம், நோய்க்கிருமி ஒட்டியிருக்கலாம் என்பதால் விழுந்ததை எடுக்க வேண்டாம் என்று பலகையே போட்டிருக்கிறார்கள். அம்மா பலகையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பெருமூச்சுவிட்டார்.

அந்த நாளின் நல்ல நேரம் அதற்குப் பிறகு வந்தது, அதற்கும் தோட்டக்காரருக்கும் சம்பந்தம் இல்லை. அம்மா தன் கைப்பையில் இருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். உப்பும் இடித்த செத்தல் மிளகாயும். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே மடித்து வைத்திருக்கிறார், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரியாகப் பழுக்காத, புளிப்பு ஏறிய மக்கின்ரோஷைப் பேனாக்கத்தியால் சீவி அதில் தொட்டுத் தந்தார். பாடசாலை வாசலில் மாங்காயும் அம்பரலங்காயும் வாங்கித் தின்றவர்களுக்கு அந்த ருசியை விளக்கத் தேவையில்லை. ஊரில் அப்பிள் என்றால் ஆசுபத்திரியில் ஆரையாவது பார்க்கப் போகும்போது வாங்கிக்கொண்டு போகிற பழம், நோயாளிக்கு மட்டும் உரியது, அதை உப்புத்தூள் தொட்டுத் தின்னலாம் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்காது. பக்கத்து மரத்தடியில் நின்ற ஒரு சீனக் குடும்பம் எட்டிப் பார்த்தது, அம்மா அவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஒரு பெடியன் கண்ணில் தண்ணீர் வரவர மூன்று துண்டு தின்றான்.

சாப்பாட்டைப் பற்றி: வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். நாங்கள் கொண்டு போன மற்றன் ரோல்ஸை பார்க்கிங்கில் காரின் பின்கதவைத் திறந்து வைத்துத்தான் சாப்பிட்டோம், போத்தலில் தேத்தண்ணியோடு, பக்கத்துக் காரிலும் இடியப்பப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே விற்கும் சூடான டோனட்டை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. மாவில் அப்பிள் சைடர் சேர்த்துச் சுட்டு, கறுவாத்தூளும் சீனியும் போட்டுப் பிரட்டித் தருகிறார்கள். ஆறும் கார் வரைக்கும் வரவில்லை. சைடர் என்றால் இங்கே மது இல்லை, வடிகட்டாத கலங்கல் அப்பிள் சாறுதான். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கினால் பாஸ்ச்சரைஸ் (சூடாக்கிக் கிருமி நீக்கம்) செய்தது என்று போட்டிருக்கிறதா என்று போத்தலைத் திருப்பிப் பாருங்கள்.

பூசணிக்காய்க்கு ஒரு தனிப் பத்தி வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அதில்தான். பெரிதாக, பளிச்சென்று செம்மஞ்சளில் இருப்பது ஹலோவீனுக்கு முகம் வெட்டுவதற்கு. அதைச் சமைத்தால் நாரும் தண்ணீரும்தான் மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் தேங்காயளவில் ‘பை பூசணி’ என்று சின்னதாக வைத்திருந்தார்கள் (இந்தப் பை, மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற பலகாரம்), சமையலுக்கு இதுதான் என்று எழுதியும் இருந்தது. வாங்கி வந்து அம்மா பால்கறி வைத்தார். கறி தண்ணீர் விட்டது, துண்டு கரைந்தது, இனிப்பு இருந்ததே தவிர அந்த மாப்பிடிப்பு இல்லை. அம்மா அகப்பையை நக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “இது பூசணி இல்லைப் பிள்ளை. பூசணிக்குச் சித்தப்பா பிள்ளை.”

பிறகு வாசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது தாவரவியல்படியும் சரி. ஹலோவீன் பூசணியும் அந்தச் சின்னதும் குக்கர்பிற்றா பெப்போ என்ற இனம். எங்கள் ஊர்க் கறிப்பூசணி பெரும்பாலும் குக்கர்பிற்றா மொஸ்காற்றா. இங்கே அதே மொஸ்காற்றா எந்தக் கடையிலும் கிடைக்கிறது, பட்டர்நட் என்ற பெயரில், கழுத்து நீண்டு, வெளிர்த்த தோலோடு, பார்த்தால் பூசணி என்றே தோன்றாது. இதில் இன்னொரு வேடிக்கை, பூசணிப் பை செய்ய வெள்ளைக்காரர் வாங்கும் தகரத்தில் அடைத்த பூசணியும் பெரும்பாலும் மொஸ்காற்றா இனம்தானாம். ஆகவே கறிக்குப் பட்டர்நட் வாங்குங்கள். கழுத்துப் பகுதியில் விதை இல்லை, சதை இறுக்கம், துண்டு உடையாது. கடுகும் உள்ளியும் அரைத்துப் போட்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் தேங்காய்ப்பால். கறிவேப்பிலை என்றதும் நினைவு வருகிறது, மரத்தை உள்ளே எடுத்துவிட்டீர்களா? இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் அது இலையைக் கொட்டத் தொடங்கும், எங்கள் வீட்டில் செப்டெம்பர் நடுப்பகுதியிலேயே சாடியைத் தூக்கிக் குசினி யன்னலடியில் வைத்துவிடுவோம்.

பூசணி விதையை மட்டும் எறியாதீர்கள். பத்து நிமிடம் உப்புத்தண்ணீரில் அவித்து, துடைத்து, எண்ணெயும் மிளகாய்த்தூளும் பிரட்டி 175 பாகைப் போறணையில் இருபது நிமிடம் விட்டால் கச்சான் இடத்தில் வைத்துக் கொறிக்கலாம். முகம் வெட்டுகிற பெரிய பூசணியில் வாங்கத் தகுந்த சமையல் சாமான் அதுதான்.

அடுத்தது தோல் சீவி. தோட்டத்துக் கடையில் ஒரு கைச்சுற்று யந்திரம் 34 டொலருக்கு விற்றார்கள், முதல் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை, என் கணவருக்கு இன்னும் விலை தெரியாது. அம்மா பெட்டியைத் திறந்ததும் “தேங்காய் திருவுற மெசின் எல்லோ இது” என்றார். உண்மைதான், எங்கள் மேசைத் திருவலையின் தங்கச்சி மாதிரியே இருக்கிறது. முள்ளில் அப்பிளைக் குத்தி, கைப்பிடியைச் சுற்றினால் பழம் திருகாணியோடு முன்னால் நகரும். ஒரு சின்னக் கத்தி தோலை நாடாவாக உரித்துக்கொண்டு வரும், பின்னால் இருக்கிற வளையக் கத்தி நடுக்கொட்டையைத் துளைத்து எடுத்தபடி சதையைச் சுருள் சுருளாக வெட்டும். ஒரு பழத்துக்குப் பத்துச் செக்கன். பிள்ளைகள் சண்டை பிடித்து முறை வைத்துச் சுற்றினார்கள், அரை மணித்தியாலத்தில் 5 இறாத்தல் முடிந்தது. நீளமான தோலை ஆர் எடுக்கிறது என்று போட்டி வேறு.

குறையும் உண்டு. நாங்கள் வாங்கியது அடியில் உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் பாதம் உள்ளது. கண்ணாடி போல வழுவழுப்பான தளம் என்றால் பிடிக்கும், எங்கள் மர மேசையில் நாலு சுற்றுக்கு ஒருமுறை கழன்று ஓடியது. வாங்குகிறவர்கள் விளிம்பில் திருகாணியால் இறுக்குகிற வகையைப் பார்த்து வாங்குங்கள், திருவலைக்குப் பழகிய கைக்கு அதுதான் சரி. மற்றது, பழம் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு வாரம் வெளியில் கிடந்து மெதுவாகிப்போன மக்கின்ரோஷ் முள்ளில் நிற்காமல் சுழன்று நசிந்துவிட்டது. பழத்தை வாங்கிய இரண்டு நாளுக்குள் சீவ வேண்டும், அல்லது பிரிட்ஜில் வைக்க வேண்டும். பிரிட்ஜில் வைத்தால் கரட்டோடு சேர்த்து வைக்காதீர்கள். அப்பிள் விடுகிற எத்திலீன் வாயு கரட்டைக் கசக்க வைக்கும். இதை நான் கரட் சம்பல் போட்டு, எல்லாரும் முகத்தைச் சுளித்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

20 இறாத்தலையும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மக்கின்ரோஷ் அடுப்பில் வைத்தால் இருபது நிமிடத்தில் கூழாகிவிடும், பை பலகாரத்துக்கு உதவாது, கூழுக்கும் சட்னிக்கும் அதை விட்டால் வேறில்லை. கோர்ட்லண்ட் உடையாமல் துண்டாக நிற்கும், வெட்டி வைத்தாலும் சீக்கிரம் கறுக்காது, அதனால் பிள்ளையின் பாடசாலைப் பெட்டிக்கு அது. எங்கள் வீட்டுச் சட்னி இரண்டையும் பாதிப் பாதி போட்டது. தோல் சீவிய அப்பிள் 2 கிலோ, சீனி 600 கிராம், வினாகிரி அரை லீற்றர், இஞ்சியும் உள்ளியும் 50 கிராம் படி, செத்தல் மிளகாய் பதினைந்து, கடுகு இரண்டு மேசைக்கரண்டி, பிளம்ஸ் (உலர்ந்த முந்திரிகை) இரண்டு கைப்பிடி, கறுவா ஒரு துண்டு, உப்பு. கடுகையும் மிளகாயையும் இஞ்சி உள்ளியையும் வினாகிரி விட்டு அரைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம். அப்பிளில் பெக்ரின் நிறைய இருப்பதால் வேறொன்றும் சேர்க்காமலே தடிக்கும், கொஞ்சம் புளிப்பான காய்களைச் சேர்த்தால் இன்னும் நன்றாக இறுகும். அகப்பையால் இழுத்தால் சட்டியின் அடி தெரிய வேண்டும், அதுதான் பதம். ஆறு போத்தல் வந்தது. ஊரில் கலியாண வீட்டு மஞ்சள்சோற்றுக்கு மாங்காய்ச் சட்னி வைப்பார்களே, அதற்கு ஒரு துளியும் குறைவில்லை. தாங்ஸ்கிவிங் திங்களன்று வான்கோழிக்குப் பதில் கோழி பொரித்து இதோடு சாப்பிட்டோம். கிரான்பெரிக் குழம்பு ஒருவரும் தேடவில்லை.

கைவேலைக்கு வருகிறேன். தோட்டத்தில் ‘கைவினைக் கூடாரம்’ என்று ஒன்று இருந்தது, ஆளுக்கு 8 டொலர், ஒரு நுரைப்பூசணியும் கண்மூக்கு ஒட்டுவதற்கு ஒட்டிகளும் தருவார்கள். நாங்கள் போகவில்லை, போனவர்கள் கையில் வைத்திருந்ததைப் பார்த்தேன், போதும். வீட்டில் செய்தது இது: எங்கள் தெருவில் விழுந்த மேப்பிள் இலைகளைப் பெரியவள் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தாள். சிவப்புக்குச் சுகர் மேப்பிளும் ரெட் மேப்பிளும்தான். தெருவோரத்தில் நிறைய நிற்கிற நோர்வே மேப்பிள் மஞ்சள் மட்டும், அதிலும் மை கொட்டினது போலக் கறுப்புப் பொட்டுகள் விழுந்திருக்கும், பூஞ்சண நோய், மரத்துக்குப் பெரிய ஆபத்தில்லை, கைவேலைக்குத்தான் உதவாது. இலையைப் புத்தகத்துக்குள் இரண்டு நாள் வைத்து ஈரம் எடுத்து, இரண்டு மெழுகுத்தாளுக்கு இடையில் வைத்து, மேலே ஒரு பழைய துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் மெழுகு ஒட்டிக்கொள்ளும். ஓரத்தை வெட்டி, நூலில் கோத்து, வாசற்படிக்கு மேலே கட்டினோம். தோரணம். மாவிலை இங்கே உறைந்த பெட்டியில் வருவது கறுத்துப்போய்த்தான் இருக்கும், தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் இதைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் மங்கத் தொடங்கும். நிறத்தைவிட இலை நொறுங்காமல் இருப்பது முக்கியம் என்றால் ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு தண்ணீர், அதில் நாலைந்து நாள் அமிழ்த்தி வையுங்கள், தோல் போல மெதுவாகிவிடும், நிறம் கொஞ்சம் கறுக்கும்.

“ஏன் அம்மா ஒரு மரம் மஞ்சள், மற்றது சிவப்பு?” என்று அவள் கேட்டாள். மஞ்சள் கோடை முழுக்க இலைக்குள் இருந்தது, பச்சையம் மறைத்து வைத்திருந்தது, பச்சை போனதும் வெளியில் தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, அது இலை விழப்போகும் நேரத்தில் மரம் புதிதாகச் செய்வது. “விழப்போகிற இலைக்கு ஏன் புதுச் சாயம்?” அதற்கு என்னிடம் பதில் இல்லை, தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

சின்னவனுக்கு அப்பிள் அச்சு. பழத்தைக் காம்பிலிருந்து கீழே வெட்டாமல் குறுக்காக வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் இருக்கும். சாயம் தொட்டு ஒரு வெள்ளைத் துணிப்பையில் குத்தினான், பாதி மேசையில். காலையில் அரிசியில் ‘அ’ எழுத மாட்டேன் என்று கத்தியவன், இதில் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தான். பெரிய பூசணியின் முகம் மட்டும் படுதோல்வி. ஆசைப்பட்டு ஒக்ரோபர் 14-ஆம் திகதியே வெட்டி வாசலில் வைத்தோம். ஒரு வாரத்தில் வாய் உள்ளே மடிந்து பல்லுப்போன கிழவர் மாதிரி ஆகிவிட்டது, மிச்சத்தை அணில் முடித்தது. ஹலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டினால் போதும்.

இனி இரண்டாம் முறை. ஒக்ரோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இவருக்கு லீவு, பெரியவள் பாடசாலையில். வாரநாளில் நுழைவுக் கட்டணம் இல்லை, பிடுங்குகிற பழத்துக்கு மட்டும் காசு. துள்ளுமேடையில் காற்று இல்லை, ஆடு கொட்டிலுக்குள், டிராக்டர் நிறுத்தியிருந்தது. தோட்டம் முழுக்க எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர் இருந்திருப்போம். அம்மா ஊன்றுகோலோடு மெல்ல நடந்தார், எந்த மரத்தில் நிழல், எந்த மரத்தில் காய் என்று பார்த்துப் பார்த்து. அன்று நோர்தன் ஸ்பை தொடங்கியிருந்தது. அது கடைசியில் பழுக்கிற சாதி, மரம் நட்டால் காய்க்கப் பல வருடம் காக்க வைக்கும், ஆனால் பை பலகாரத்துக்கு அதை அடிக்க ஆளில்லை, வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், புளிப்பும் இருக்கும். தோல் சீவியும் அதில்தான் உண்மையான வேலையைக் காட்டியது.

கொட்டிலின் பின்பக்கம் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். தழும்பு, வளைவு, ஆலங்கட்டி பட்ட புள்ளி உள்ள பழங்கள், 20 இறாத்தல் 15 டொலர். சனிக்கிழமை அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று கேட்டேன். அன்றும் இங்கேதான் இருந்தது, ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை என்றார் அந்த வயதான பெண். சட்னிக்கும் கூழுக்கும் போகிற பழத்தில் தழும்பு இருந்தால் என்ன? எங்கள் ஆறு போத்தல் இன்னொரு எட்டாகப் பெருகியது அதில்தான்.

ஆகவே என் தீர்ப்பு: வார இறுதி என்றால் ஐந்துக்கு இரண்டு, வாரநாள் என்றால் ஐந்துக்கு நாலரை. அரைப் புள்ளி கழிவறைக்கு, அது எந்த நாளிலும் ஒரே மாதிரிதான். வார இறுதி மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கிறது என்றால் காலை திறக்கிற நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள், வண்டிக்கு நிற்காமல் நடவுங்கள், பின்பக்கப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு இலை நிறம் காட்டுவதுதான் நோக்கம் என்றால் காசே தேவையில்லை, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவே றூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. நுழைவு இலவசம், மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் தொடங்குகிற விஸ்ரா பாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு, வழியில் மரப்பலகையால் கட்டிய மேடையில் ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அங்கே இலை, விதை ஒன்றும் பொறுக்கக் கூடாது, பூங்காச் சட்டம். பொறுக்க உங்கள் தெரு இருக்கிறது.

தோல் சீவி இப்போது என்னிடம் இல்லை. சட்னி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா ‘ரெண்டு நாளில தாறன்’ என்று நவம்பரில் கொண்டு போனார். அவருடைய குசினித் தளம் கண்ணாடி போல வழுவழுப்பு, அங்கே அந்த ரப்பர் பாதம் நன்றாகப் பிடிக்கிறதாம்.